நம்பிக்கைகளும் உண்மைகளும்: கோர்களைக் கூட்டினால் லிங்கிங் குறையுமா?

கூலாயிலும் செடெனாக்கிலும் தரவு மையங்கள் எழும்பியிருக்கும் ஜொகூரில் இப்படி நினைப்பது இயல்புதான்: பில்ட் மெதுவாக ஓடுகிறதா, பெரிய சர்வராக ஒன்றை வாடகைக்கு எடுத்துவிடலாம். கம்பைல் செய்யும் கட்டத்துக்கு இது பெருமளவு சரி. ஆயிரக்கணக்கான சோர்ஸ் கோப்புகள் ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதில்லை. 64 கோர் இருந்தால் 64 கோப்புகள் ஒரே நேரத்தில் ஓடும். ஆனால் பெரிய சி பிளஸ் பிளஸ் திட்டத்தில் அன்றாடம் பொறுமையைச் சோதிப்பது வேறொரு கட்டம்: லிங்கிங். ஒரு கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால் அந்தக் கோப்பு மட்டுமே மீண்டும் கம்பைல் ஆகிறது (எல்லாக் கோப்புகளும் சேர்த்துக்கொள்ளும் ஹெடரைத் தொட்டுவிட்டால் கதை வேறு). லிங்கருக்கு அந்தச் சலுகை இல்லை. அது எல்லா ஆப்ஜெக்ட் கோப்புகளையும் மறுபடி திறந்து, எந்தப் பெயர் எங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று தேடி, முகவரி ஒதுக்கி, அந்த முகவரிகளை உரிய இடங்களில் எல்லாம் நிரப்பி, முழு நிரலையும் முதலிலிருந்து எழுதுகிறது. பில்ட் கருவியான நிஞ்ஜாவின் எண்ணிக்கை விறுவிறுவென்று ஓடிக் கடைசிப் படியில் அசையாமல் நிற்பது இதனால்தான்.

அந்த நேரத்தில் இன்னொரு டெர்மினலில் டாப் கட்டளையைத் திறந்து பாருங்கள். லினக்ஸில் வழக்கமாக வரும் குனூ லிங்கரான எல்டி, 100 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அது முழு இயந்திரத்தின் 100 அல்ல; ஒரே ஒரு கோரின் 100. எல்டி ஒற்றைத் திரெட்டில் இயங்குவது, ஆகவே மீதிக் கோர்கள் சும்மா இருக்கும். ஜொகூர் கடற்பாலத்தில் தடங்களை அகலப்படுத்திவிட்டு, குடிநுழைவில் ஒரு முகப்பை மட்டும் திறந்து வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும். ஏஐக்காகக் குவிக்கப்படும் ஜிபியுக்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எல்டிக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

ஆக, மாற்ற வேண்டியது லிங்கரைத்தான். ரூயி உயேயாமா உருவாக்கிய மோல்ட் என்ற லிங்கர், வேலையின் ஏறத்தாழ எல்லாக் கட்டங்களையும் பல திரெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அதன் திட்டப் பக்கம் தரும் கணக்கு இது: 16 கோர் இயந்திரத்துக்கு ஒப்பான சூழலில், டீபக் தகவலோடு 1.56 ஜிபி வரும் கிளாங் 19 கம்பைலரை இணைக்க எல்டிக்கு 42 வினாடி, கோல்ட், எல்எல்டி என்ற வேறு இரு லிங்கர்களுக்கு முறையே 33, 5.2, மோல்டுக்கு 1.35. இயந்திரம் ஒன்றே, நிரலும் ஒன்றே. செய்தவரே அளந்ததை எப்படி நம்புவது என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ரஸ்ட் மொழிக் குழுவின் அனுபவம் அதற்குப் பதில் தருகிறது. 2025 செப்டம்பரில் வந்த ரஸ்ட் 1.90, 64-பிட் எக்ஸ்86 லினக்ஸில் எல்எல்டியை இயல்பு லிங்கராக்கியது. ரிப்கிரெப் திட்டத்தில் சிறு மாற்றத்துக்குப் பின் மறுபடி பில்ட் செய்யும்போது லிங்கிங் 7 மடங்கு வேகமானது. மொத்த நேரமோ சுமார் 40 சதவீதம்தான் குறைந்தது. அந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். லிங்கிங் எவ்வளவு வேகமானாலும், கம்பைல் செய்ய ஆகும் நேரம் அப்படியே இருக்கும்.

புது லிங்கர் ஆபத்து, பழையதே பாதுகாப்பு என்பார்கள். இயான் லான்ஸ் டெய்லர் எழுதி 2008இல் குனூ கருவித் தொகுப்பான பினுட்டில்ஸில் சேர்ந்த கோல்ட், ஒரு காலத்தில் வேகத்துக்குப் பெயர் போனது. பராமரிக்க ஆளில்லாமல் போய், 2025இல் வந்த 2.44 பதிப்பில் முதன்மைத் தொகுப்பிலிருந்தே வெளியேறிவிட்டது. எல்எல்டியோ 2018இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 12 முதல் எக்ஸ்86 கணினிகளில் அதன் இயல்பு லிங்கர். குரோமும் ஆண்ட்ராய்டும் அதை வைத்தே உருவாகின்றன. நம்பகத்துக்கு வயது மட்டும் அளவுகோல் ஆகாது. கம்பைல் கட்டளையில் ஒரு ஃபிளாக்கைச் சேர்த்தால் லிங்கர் மாறிவிடும், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். பல மாத சர்வர் வாடகைக்குக் கையெழுத்திடுவதைவிட அது சின்ன விஷயம்.

சிகேஷ் என்ற கருவியைப் போட்டிருக்கிறோம், அது போதாதா என்ற கேள்வியும் வரும். அது கம்பைல் முடிவுகளை மட்டுமே நினைவில் வைக்கிறது. லிங்கிங்கை அது தொடுவதே இல்லை. வேகமான எஸ்எஸ்டியால் முதல் தடவை பலன் இருக்கலாம். அடுத்த தடவை கோப்புகள் பெரும்பாலும் மெமரியிலேயே இருக்கும், ஆதலால் தடை வட்டில் இல்லை. மாறாக, லிங்கருக்குத் தீனியைக் குறைத்தால் உடனே தெரியும். டீபக் பில்டில் பெரும் சுமை டீபக் தகவல்தான். ஸ்பிளிட் டுவார்ஃப் முறையில் அதன் பெரும்பகுதியைத் தனிக் கோப்புகளில் விட்டுவிட்டால், லிங்கர் அதைச் சுமந்து திரிய வேண்டியதில்லை.

இரண்டு இடங்களில் இந்த வாதம் வலுவிழக்கும். முழு எல்டிஓ (இணைக்கும் வேளையில் நிரல் முழுவதையும் ஆப்டிமைஸ் செய்யும் முறை) போட்ட ரிலீஸ் பில்டில் லிங்கிங் என்று தெரியும் நேரத்தில் பெரும்பகுதி உண்மையில் கம்பைலரின் ஆப்டிமைசேஷன் வேலை. அங்கே மோல்டால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, அதன் இலகு வடிவமான தின் எல்டிஓவுக்கு மாறினால் கூடுதல் கோர்களுக்கும் வேலை கிடைக்கும். மற்றொன்று ஃபர்ம்வேர். மின்னணுச் சாதனங்களுக்கு நிரல் எழுதுவோர், மெமரியில் எது எங்கே உட்கார வேண்டும் என்பதை லிங்கர் ஸ்கிரிப்டில் வகுத்து வைத்திருப்பார்கள். மோல்ட் அந்த ஸ்கிரிப்டுகளை முழுமையாக ஏற்காது. எல்எல்டி பெரும்பாலும் ஏற்கும். அவர்களுடைய நிரல்கள் சிறியவை என்பதால், பழைய எல்டியே பல வேளைகளில் போதும்.