தேர் திரும்புவதும் ஆட்டோ திரும்புவதும்

சித்திரைத் திருவிழாவில் மதுரை மாசி வீதிகளில் தேர் வலம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். நேரான வீதியில் வடம் பிடித்து இழுத்தால் தேர் அசைந்து அசைந்து நகர்கிறது. வீதி முனைக்கு வந்ததும் வேகம் குன்றிவிடுகிறது. சக்கரத்தடியில் கட்டையைச் சாய்வாக இடுகிறார்கள், சிறிது இழுக்கிறார்கள், மீண்டும் கட்டையை மாற்றி இடுகிறார்கள். மறுநாள் அதே முனையில் ஓர் ஆட்டோ ரிக்‌ஷா நொடியில் திரும்பி மறைகிறது. ஏன் இந்த வேறுபாடு?

ஆங்கிலத்தில் 'மனூவரபிலிட்டி' என்றொரு சொல் உண்டு. 'கையால் வேலை செய்தல்' என்று பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. ஓர் ஊர்தி தன் திசையையும் வேகத்தையும் எவ்வளவு விரைவாக, எவ்வளவு சிறிய இடத்தில், நாம் விரும்பியவாறு மாற்றிக்கொள்ளும் என்பதையே அது குறிக்கிறது. தமிழில் 'வளைந்தியங்கு திறன்' எனலாம். 'லாவகமாக ஓட்டுகிறார்' என்கிறோமே, அது ஓட்டுபவரின் திறமை. வளைந்தியங்கு திறனோ வண்டியின் பண்பு.

இத்திறன் எவற்றைப் பொறுத்தது? முதலாவது, வண்டியின் அமைப்பு. தேரின் சக்கரங்கள் நேராக உருள மட்டுமே வல்லவை. ஆகவேதான் கட்டையின் உதவி தேவைப்படுகிறது. ஆட்டோவின் முன்சக்கரம் கைப்பிடியோடு சேர்ந்து திரும்புகிறது. மேலும், அதன் முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடையே ஏறத்தாழ 2 மீட்டர்தான். பெரிய பேருந்தில் இது 5 மீட்டருக்கும் அதிகம். இத்தூரம் குறைந்தால் திரும்பும் வட்டமும் சிறிதாகும்.

இரண்டாவது, நிறை. நிறை மிகுந்து, அது மையத்தைவிட்டு விலகிப் பரவியும் இருந்தால், திருப்புவது கடினம்.

மூன்றாவது, வேகம். வளைவில் செல்லும் வண்டிக்கு மையநோக்கு விசை தேவை. சாலைக்கும் டயருக்கும் இடையே உள்ள உராய்வே அதைத் தருகிறது. வேகம் v, உராய்வுக் கெழு μ, புவியீர்ப்பு முடுக்கம் g எனில், சறுக்காமல் திரும்பக்கூடிய மிகச் சிறிய ஆரம் r = v²/μg. μ = 0.5, g = 10 மீ/வி² எனக் கொள்வோம். மணிக்கு 18 கி.மீ. (5 மீ/வி) வேகத்தில் r = 25/5 = 5 மீட்டர். மணிக்கு 36 கி.மீ. வேகத்திலோ r = 100/5 = 20 மீட்டர்! வேகம் இரு மடங்கானால் ஆரம் நான்கு மடங்காகிறது. நம் தெருமுனைகளில் அவ்வளவு இடம் ஏது? மணல் படிந்த சாலையில் μ குறைவதால் இன்னும் அதிக இடம் வேண்டும்.

எளிதில் திரும்பும் வண்டி எளிதில் நிலைகுலையவும் கூடும். ஆட்டோவின் மூன்று சக்கரங்களும் தரையில் ஒரு முக்கோணத்தை அமைக்கின்றன. அதன் குறுகிய முனை முன்புறம் உள்ளது. ஓட்டுநரின் இருபுறமும் மாணவர்கள் நெருக்கி அமர்ந்தால், ஈர்ப்பு மையம் அந்தக் குறுகிய பக்கம் நகர்கிறது. அப்போது விரைந்து திரும்பினால் உட்புறப் பின்சக்கரம் மேலெழும்பி, வண்டி கவிழலாம். முன்னிருக்கையில் தொற்றிக்கொண்டு செல்வது ஏன் ஆபத்து என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இவ்விரு பண்புகளுக்கும் இடையே உள்ள போட்டியை வானிலும் காணலாம். பயணிகள் விமானம் தானே நேர்நிலைக்குத் திரும்புமாறு அமைக்கப்படுகிறது. 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்த நம் நாட்டுப் போர் விமானமான தேஜஸ், விரைந்து திரும்புவதற்காக வேண்டுமென்றே நிலைத்தன்மை குறைவாக வடிவமைக்கப்பட்டது. கணிப்பொறிகள் இடைவிடாது திருத்திக்கொண்டே இருப்பதால்தான் விமானி அதை அடக்கி ஓட்ட முடிகிறது.

செய்து பாருங்கள்: விளையாட்டு மைதானத்தில் சைக்கிளின் கைப்பிடியைச் சிறிது திருப்பி, அந்நிலையிலேயே பிடித்துக்கொண்டு உருட்டிச் செல்லுங்கள். சக்கரத்தின் தடம் ஒரு வட்டமாகும். அதன் ஆரத்தை அளந்து குறியுங்கள். கைப்பிடியை இன்னும் சற்று அதிகம் திருப்பி மீண்டும் அளவிடுங்கள். ஆரம் எப்படி மாறுகிறது?