நாடாளுமன்றத்துக்குக் கடிவாளம் உண்டா?

"அண்ணே, எம்.பி.ங்கள நாமதான் ஓட்டுப் போட்டு அனுப்புறோம். நீதிபதிய யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பல. அப்புறம் எப்படி அவங்க போட்ட சட்டத்த இவங்க செல்லாதுன்னு சொல்லலாம்?" இளைஞர் வகுப்புகளில் இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நியாயமான கேள்விதான்.

இங்கிலாந்தில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்ய முடியாது. நம் நாட்டில் முடியும். காரணம், கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 4(1) விதி. நாட்டின் தலையாய சட்டம் இந்த அரசமைப்புதான். மெர்டேக்காவுக்குப் பிறகு இயற்றப்படும் எந்தச் சட்டமும் இதற்கு முரணாக இருந்தால், முரண்படும் அளவுக்கு அது செல்லாது என்கிறது அந்த விதி. முரண் இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டுமே? அந்த வேலை நீதிமன்றத்துடையது.

ஒரு வழக்கைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 37ஆவது பிரிவில் இரண்டு அனுமானங்கள் உண்டு. உங்கள் பொறுப்பில் இருந்த பைக்குள் போதைப்பொருள் கிடைத்தால், அதை நீங்கள் தெரிந்தே வைத்திருந்ததாக அனுமானிக்கலாம். இது ஒன்று. குறிப்பிட்ட எடைக்கு மேல் வைத்திருந்தால், கடத்தியதாக அனுமானிக்கலாம். இது மற்றொன்று. அப்படி இல்லை என்று காட்ட வேண்டிய சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில் விழும்.

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன ஆகும்? பை உங்கள் கையில் இருந்தது என்பதை மட்டும் அரசுத் தரப்பு நிரூபித்தால் போதும், மிச்சமெல்லாம் அனுமானம். அதன் முடிவில் நிற்பதோ தூக்குக் கயிறு. "இந்த பேக்க மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துடு"ன்னு யாரோ சொன்னதை நம்பி விமானம் ஏறும் ஓர் இளைஞரை நினைத்துப் பாருங்கள்.

இப்படி அடுக்குவது மிகக் கடுமை, சட்டத்தின் சொற்களும் அதற்கு இடம் தரவில்லை என்று 1998இல் முகமட் பின் ஹசான் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. 2014இல் 37ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்து, 'அடுக்கலாம்' என்று எழுதிவிட்டது.

அந்தப் பிரிவின்கீழ் மரண தண்டனை பெற்ற இரு வெளிநாட்டுப் பெண்களின் மேல்முறையீடு கூட்டரசு நீதிமன்றத்துக்கு வந்தது. அல்மா நூடோ அத்தென்சா வழக்கு என்பார்கள். 2019 ஏப்ரல் 5ஆம் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. 'எங்கள் பழைய தீர்ப்பை நாடாளுமன்றம் மாற்றிவிட்டது' என்று அவர்கள் கோபப்படவில்லை. ஒரு தீர்ப்புக்குப் பிறகு சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் உரிமை என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் திருத்திய சட்டமும் அரசமைப்பின் 5, 8 விதிகளுக்குள் அடங்க வேண்டும் அல்லவா? உயிரைப் பற்றியது ஒன்று, சமத்துவத்தைப் பற்றியது மற்றொன்று. 37ஏ அவற்றுக்குள் அடங்கவில்லை, செல்லாது.

இதனால் போதைப்பொருள் கடத்துபவர்களுக்குக் கதவு திறந்துவிடவில்லை. இரண்டு அனுமானங்களும் தனித்தனியே இன்றும் இருக்கின்றன. தெரிந்தே வைத்திருந்தார் என்பதை அரசுத் தரப்பு சாட்சியத்தோடு நிரூபித்தால், கடத்தல் அனுமானம் அப்போதும் வேலை செய்யும்.

நீதிமன்றத்துக்கும் எல்லை உண்டு. நாடாளுமன்ற நடவடிக்கைகளை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்கிறது 63ஆவது விதி. 'இந்தச் சட்டம் நல்லதா?' என்பதும் நீதிபதியின் கேள்வி அல்ல.

சரி, மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு அரசமைப்பையே திருத்திவிட்டால்? இங்கேதான் விஷயம் சூடாகிறது. இந்தியாவில் 1973இல் கேசவானந்த பாரதி வழக்கு, திருத்தினாலும் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக்கூடாது என்றது. நம் நீதிமன்றம் 1977இல் லோ கூய் சூன் வழக்கில் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. 1988இல் 121ஆவது விதி திருத்தப்பட்டு, நீதிமன்றங்களின் அதிகாரம் கூட்டரசுச் சட்டம் தருவது மட்டுமே என்பதுபோல் எழுதப்பட்டது. 2017இல் செமிஞ்சே ஜெயா வழக்கிலும் 2018இல் இந்திரா காந்தி வழக்கிலும் கூட்டரசு நீதிமன்றம் வேறு பாதையில் நடந்தது. நீதித்துறை அதிகாரம் அடிப்படைக் கட்டமைப்பில் சேர்ந்தது, அதைத் திருத்தத்தாலும் பறிக்க முடியாது என்றது. பின்வந்த தீர்ப்புகளில் நீதிபதிகளுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு தெரிகிறது. என் சாய்வு 2018 பக்கம்தான்; உங்களுடையது வேறாக இருக்கலாம். 4, 121, 159 ஆகிய மூன்று விதிகளையும் ஒருமுறை வாசித்துவிட்டு வகுப்புக்கு வாங்க, வாதாடுவோம்.