முன்னாள் படைவீரர் வீட்டுக்கு ஊரும் கைகொடுக்கலாம்

நாட்டுக்காக உடல் ஊனமுற்று வீடு திரும்பியவரைக் கவனிப்பது மனைவி மக்களின் பாடு மட்டுமல்ல. அக்கம்பக்கத்தார் சேர்ந்தால் சுமை குறையும்.

* பதிவு: மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அவர் பெயர் இருக்கிறதா எனப் பாருங்கள். உதவிகள் பற்றி அங்கேயே விசாரிக்கலாம்.

* சிகிச்சை: 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவையுங்கள்.

* செயற்கைக் கால்: பொருத்தும் இடத்தில் தோல் சிவந்தால் நாள் கடத்தாமல், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்-இன் பாலிகிளினிக்கில் காட்டுங்கள். போய்வர, தெரிந்த ஆட்டோக்காரரிடம் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

* வாசல்படி: குடியிருப்போர் சங்கம் சாய்தளம் கட்டித் தரலாம். அரை அடி உயரத்துக்கு ஆறு அடி நீளமாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் சக்கர நாற்காலி சறுக்கும்.

* ஓய்வூதியம்: ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்றைத் தபால்காரர் மூலம் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். ஆதார் எண்ணும் ஓய்வூதிய விவரங்களும் தயாராக இருக்கட்டும்.

* மாற்றுக் கை: வாரம் ஒரு மாலை யாராவது அவருடன் இருந்தால், கவனித்துக்கொள்பவருக்கு ஓய்வு கிடைக்கும்.

எதைச் செய்யுமுன்பும் அவரிடமே கேளுங்கள். அவர் வேண்டுவதைச் செய்வதுதான் உண்மையான மரியாதை.