மாமா கடைப் பத்மினியும் 30 டிகிரியும்

போன மாதம் எங்க மாமா ஒர்க்ஷாப்புக்கு ஒரு பழைய பிரீமியர் பத்மினி கார் வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் முன்பு நடந்த பந்தயங்களைப் பார்த்து வந்த ஆசையாம் அந்தக் காரின் சொந்தக்காரருக்கு. சிலிண்டர் ஹெட்டைச் சீவி, அழுத்தத்தைக் கூட்டியிருந்தார். வேகம் வரட்டும் என்று யாரோ டைமிங்கையும் ரொம்ப முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். மேட்டில் ஏறும்போது டப்பாவில் கூழாங்கல் குலுக்குற மாதிரி சத்தம் கேட்டதாம். அப்படியே ஓட்டியிருக்கிறார். கழற்றிப் பார்த்தால் ஒரு பிஸ்டன் தலையில் ஓட்டை! என் சுண்டுவிரல் அதில் நுழைந்தது.

டைமிங் என்பது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவைக்கு பிளக் பொறி வைக்கும் நேரம். பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு பொறி வைத்தால் லேட். ஏனென்றால் கலவை பட்டாசு போல டப்பென்று வெடிக்காது, பரவி எரியும். அதற்கு 2 மில்லி வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றினால் வினாடிக்கு 5400 டிகிரி. எரிந்து முடிவதற்குள் சுமார் 11 டிகிரி திரும்பிவிடும். 3000 சுற்று என்றால் 36 டிகிரி! அதனால் வேகம் கூடினால் பொறி இன்னும் முன்னாடியே வரணும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சின்ன எடைகள் சுழற்சியில் வெளியே விரிந்து இதைத் தானாகச் செய்கின்றன. ரொம்ப முன்னாடி வந்தாலோ, மேலே ஏறுகிற பிஸ்டனையே நெருப்பு எதிர்த்துத் தள்ளும், எரியாமல் மிச்சமிருக்கும் கலவையும் தானே தீப்பிடிக்கும். அதுதான் அந்தக் கூழாங்கல் சத்தம்.

ஹெட் சீவிய இன்ஜினில் கலவை சீக்கிரம் எரியும். கம்பெனி புத்தகத்து எண் அதற்குப் பொருந்தாது. எடைகள் முழுசா விரிந்த வேகத்தில் 30 டிகிரி வைத்துப் பார்க்கலாம் என்றார் மாமா. புல்லியில் உச்சிக்கோடு மட்டும்தான் இருந்தது. "30 எங்க வரும்? கணக்குப் போடு பாப்போம்" என்றார். விட்டம் 14 செ.மீ., சுற்றளவு 44 செ.மீ., 30 டிகிரி அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 3.7 செ.மீ. வந்தது. அளந்து வெள்ளை பெயிண்டில் கோடு போட்டேன். தப்பான பக்கம்! புல்லி சுற்றும்போது உச்சிக்கோட்டுக்கு முன்னாடி முள்ளைக் கடக்கிற பக்கத்தில்தான் போடணும். அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.

டைமிங் லைட்டின் கிளிப்பை முதல் சிலிண்டர் பிளக் ஒயரில் மாட்டினோம். அந்த பிளக் பொறி விடும் ஒவ்வொரு தடவையும் லைட் மின்னும். அதனால் வேகமாகச் சுற்றுகிற புல்லி அசையாமல் நிற்கிற மாதிரியே தெரியும். தொட்டால் விரல் போய்விடும். மாமா முதலில் என் பின்னலைத் தூக்கிக் கட்டச் சொல்லிவிட்டுத்தான் லைட்டைக் கையில் கொடுத்தார். அவர் டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவாகத் திருப்ப, என் வெள்ளைக்கோடு முள்ளுக்கு நேரே வந்து நின்றது.

மேட்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். லேசாக அதே சத்தம். 28-க்குக் குறைத்தார். அதற்கு டிஸ்ட்ரிபியூட்டரை 1 டிகிரி திருப்பினால் போதும், அது கிராங்க் வேகத்தில் பாதிதான் சுற்றுகிறது. அப்புறம் சத்தமில்லாமல் ஏறியது.

ஓட்டை பிஸ்டனை மாமா எனக்கே தந்துவிட்டார். பார்க்க ஆசைப்படுறவங்க மதிய இடைவேளையில் ஒன்பதாம் வகுப்புக்கு வாங்க.