அந்தமான் காடுகள்: மரக் கணக்கும் கரியமிலக் கணக்கும்

2024-ஆம் ஆண்டில் ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரின் முக்கியக் கடைவீதி அபர்டீன் பஜார் ஆகும். தமிழும் வங்காளமும் தெலுங்கும் இந்தியும் கலந்து ஒலிக்கும் இப்பகுதி, கைதிகளைக் கொண்டு கானகத்தை வெட்டித் திருத்தி உருவாக்கப்பட்டது. 1859 மே மாதத்தில் பெரிய அந்தமானியர் வில்லும் அம்பும் ஏந்தி ஆங்கிலேயரின் குடியிருப்பைத் தாக்கியதும் இங்கேதான். அபர்டீன் போர் என வரலாறு அதனைக் குறிக்கிறது. காட்டுக்கான போர் என்றாலும் தவறாகாது.

1883-இல் இங்கு வனத்துறை அமைந்தது. சாத்தம் தீவின் மர அறுவை ஆலையும் அவ்வாண்டில் தோன்றியதே. அன்று முதல் நூறாண்டுகளுக்கு மேலாகக் காடு என்பது படாக், கர்ஜன் மரங்களின் கன அடியாகவே கணக்கிடப்பட்டது. நிற்கும் மரத்திற்கு அக்கணக்கில் மதிப்பில்லை. வெட்டிய இடத்தில் இயற்கையாகக் கன்றுகள் முளைத்து வளர வழிசெய்யும் முறையை வனத்துறையினர் கையாண்டனர் என்பது உண்மையே. ஆனால் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள், இரைகொல்லி விலங்கற்ற இத்தீவுகளில் பெருகி, அக்கன்றுகளை மேய்ந்துவிடுகின்றன.

இக்கணக்கைத் திருப்பியது உச்ச நீதிமன்றத்தின் 2002 மே 7 ஆணையாகும். சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஒட்டிப் பிறந்த அவ்வாணை, வணிக நோக்கில் இயற்கை மரங்களை வெட்டுவதற்குத் தடை விதித்தது. தீவுகளின் நிலப்பரப்பில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் இன்றும் காடாக உள்ளது.

2015-இல் பாரிசு உடன்பாட்டையொட்டி, 2030-க்குள் காடுகள், மரங்கள் வாயிலாகக் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை ஈர்த்து வைக்கும் திறனை உருவாக்குவதாக இந்தியா உறுதியளித்தது. புதிய கன்றுகளை நடுவதே இதற்கு வழி எனப் பலர் கருதுகின்றனர். முதிர்ந்த மழைக்காடு தன் மரங்களிலும் மண்ணிலும் ஏற்கெனவே சேர்த்து வைத்துள்ள கரியை இழக்காதிருப்பது அதனினும் முந்திய கடமையாகும்.

இந்த இடத்தில்தான் பழங்குடியினரின் அறிவு பொருளாதாரப் பொருளும் பெறுகிறது. ஓங்கே மக்கள் ஏல இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் இலையை மென்று, அச்சாற்றை உமிழ்ந்து தேனீக்களை விலக்கித் தேன் எடுக்கின்றனர். இதில் தீயில்லை, மரமும் வெட்டப்படுவதில்லை. தேன், காட்டுப்பன்றி, கிழங்கு, மீன் எனப் பருவத்திற்கேற்ப இடம் மாறி வாழும் ஜாரவா மக்களின் காடு, சாலை ஊடுருவாத பகுதிகளில் பெரும்பாலும் குலையாது நிற்கிறது. 1956-இன் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும், ஜாரவாக்களின் வாழ்வில் தலையீட்டைக் குறைக்கும் 2004-ஆம் ஆண்டுக் கொள்கையும் இதற்குத் துணை. ஒரு திட்டச் செலவும் இன்றிக் கிடைக்கும் வனப் பாதுகாப்பு இது. அதற்காக அம்மக்களை வனக் காவலர்களாக்க முற்படுவது அறிவுடைமையாகாது.

இக்கொள்கைக்கு இப்போது வந்துள்ள சோதனை கிரேட் நிக்கோபார் திட்டமாகும். துறைமுகம், விமான நிலையம், நகரியம் ஆகியவற்றிற்காக 130.75 சதுர கிலோமீட்டர் காட்டை மாற்றிப் பயன்படுத்த 2022-இல் கொள்கையளவில் இசைவு வழங்கப்பட்டது. ஈடாக ஹரியானாவில் மரம் வளர்ப்பது என்பது ஏற்பாடு. பாதுகாப்பும் வாணிபமும் நாட்டிற்கு இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. எனினும் திட்டப் பகுதியின் ஒரு பங்கு பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலமாகும். தாழைப் பழத்தை முக்கிய உணவாகக் கொண்ட ஷோம்பென் மக்கள் வாழும் தீவு அது. வறண்ட நிலத்தில் நடப்படும் கன்று, மழைக்காடு இழக்கும் கரியை ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் ஆகும்.