ஆளி, வழிப்படுத்தி: பழுது எங்கே?

ஓர் ஏடிஎஸ்எல் இணைப்பை நான்கு கணினிகள் ஓர் ஆளியினூடாகப் பகிர்கின்றன, இணையம் கிடைக்கவில்லை. இவ்வாறு வினா வந்தால் "மோடெமை அணைத்துப் போடுக" என்று மட்டும் எழுதாதீர்கள். பழுதின் இடத்தைக் காரணத்துடன் காட்ட வேண்டும்.

ஒரு கணினிக்கு மட்டும் கிடைக்கவில்லையா? அதன் வடம், ஆளியின் துறை, வலையமைப்பு அட்டை ஆகியவற்றைப் பாருங்கள். வடத்தை வேறு துறையில் செருகியதும் கிடைத்தால் முந்திய துறையே பழுது. எல்லாவற்றுக்கும் இல்லையெனில் மோடெமின் டிஎஸ்எல் விளக்கைக் கவனியுங்கள். அது ஓயாமல் சிமிட்டினால் மோடெமுக்குத் தொலைபேசி இணைப்பின் சமிக்ஞை சரியாகக் கிடைக்கவில்லை. ஆளியைக் குறை சொல்லிப் பயனில்லை.

விளக்கு நிலையாக எரிகிறது, ஆனால் கணினியின் ஐபி முகவரி 169.254 எனத் தொடங்குகிறது என்றால்? டிஎச்சிபி மூலம் முகவரி கிடைக்காததால் விண்டோஸ் தானாகவே ஒன்றை இட்டுக்கொண்டுள்ளது.

இனிப் பலர் புள்ளி இழக்கும் இடம். ஆளி தரவைக் கணினிகளுக்கிடையே கடத்துமேயன்றி இணைய இணைப்பைப் பகிராது. சேவை வழங்குநர் பொதுவாக வீட்டிணைப்புக்கு ஒரு பொது முகவரியே தருவார். அதை நான்கு கணினிகளுக்கும் பயன்படச் செய்வது வழிப்படுத்தியிலுள்ள நாட் எனும் முகவரி மாற்றம். வழிப்படுத்தும் வசதியற்ற மோடெமை நேரே ஆளியில் இணைத்தால் பெரும்பாலும் ஒரு கணினிக்கே இணையம் கிடைக்கும்.

பயிற்சி: அவ்வாறான வலையமைப்பில் வழிப்படுத்தியை எவ்விரு சாதனங்களுக்கிடையே பொருத்துவீர்கள்? படம் வரைந்து காட்டுக.