அடுக்களைக்கும் ஒரு திருப்பணி!

மாமியார் காலத்து மேடை, கரி படிந்த சுவர், ஓரத்தில் அம்மி. 'எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம்' என்கிறார் கணவர். 'அடுப்பின் இடத்தை மாற்றினால் லட்சுமி கடாட்சம் குறைந்துவிடுமோ' என்று தவிக்கிறது மனசு. இல்லத்தரசிகள் பலருக்கும் உள்ள தவிப்பு இது. இதற்கு வழிகாட்டுகின்றன நம் ஆலயங்கள்.

ஆகம முறைப்படி அமைந்த கோயில்கள் பலவற்றில், அக்னி பகவானுக்கு உரிய தென்கிழக்கு மூலையில்தான் மடைப்பள்ளி இருக்கும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்துவார்கள். தரையும் சுவரும் புதுப்பொலிவு பெறும். மடைப்பள்ளி அதே இடத்தில் இருக்கும். இதையே 'ஜீர்ணோத்தாரணம்' என்பர். பழுதை நீக்குவதுதான் நோக்கம். அமைப்பைக் கலைப்பது அல்ல. நம் வீட்டு அடுக்களைக்கும் இதுவே பொருந்தும்.

முதலில் பாலாலயம்

திருப்பணிக்கு முன் இறை சக்தியைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்வார்கள் அல்லவா? அதுபோல, வேலை துவங்கும் முன் அன்னபூரணி படத்தையும் விளக்கையும் பூஜையறைக்கு மாற்றுங்கள். காற்றோட்டமான வேறோர் இடத்தில் தற்காலிக அடுப்பு வைத்து, அக்னியை வணங்கிச் சமையுங்கள்.

எதை மாற்றலாம்?

* அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கிழக்கு நோக்கிச் சமைக்கும் அமைப்பும் தொடரட்டும். மேடைக்குக் கிரானைட், சுவருக்கு டைல்ஸ், மேலே புகைபோக்கி என்று மாற்றிக்கொள்ளலாம்.

* அக்னியும் ஜலமும் ஒட்டி இருக்கக் கூடாது என்பார்கள் பெரியோர். தண்ணீர் தெறித்து பர்னர் அணைந்தால் கேஸ் கசியும் என்பதால், அடுப்புக்கும் தொட்டிக்கும் இடைவெளி அவசியம்.

* சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். எனவே, சிலிண்டர் வைக்கும் அலமாரிக் கதவின் அடிப்பகுதியிலும் காற்றுத் துளைகள் வேண்டும். ரப்பர் குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

* விளக்கு மாடத்தை ஒட்டி மர அலமாரி வேண்டாம்.

* அம்மியைத் தூக்கி எறிய வேண்டாம். ஓர் ஓரத்தில் இருக்கட்டும். விசேஷ நாட்களில் மஞ்சள் அரைக்க உதவும்.

நிறைவில் பால் காய்ச்சுங்கள்

வேலை முடிந்ததும் நல்ல நாள் பார்த்து, மேடையைத் துடைத்துக் கோலமிடுங்கள். அன்னபூரணியை மீண்டும் எழுந்தருளச் செய்து, பால் காய்ச்சி நைவேத்தியம் செய்யுங்கள்.

'எங்கள் ஃபிளாட்டில் அடுப்பு தென்கிழக்கில் இல்லையே' என்று கலங்க வேண்டாம். வாயு மூலையான வடமேற்கும் ஏற்றதே என்கிறது வாஸ்து. அதுவும் அமையவில்லையா? இரவில் அடுப்பைத் துடைத்து வையுங்கள். காலையில் கோலமிட்டு ஏற்றுங்கள். காகத்துக்கு ஒரு பிடி, பசித்து வந்தவருக்கு ஒரு கவளம் கொடுங்கள். அந்த அடுக்களையில் அன்னபூரணி நிச்சயம் வாசம் செய்வாள்!